கதிரையில் இருந்தவரை விழுந்தவர் என்கிறதா? ஆழக் கமராவில் செயலறிதல்: கோளாறு பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தூரத்தை அளக்கும் ஒரு ஆழக் கமரா இரண்டு வருடமாக ஓடுகிறது. அம்மம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. பகலில் பல மணிநேரம் தனியே இருக்கிறார். அவர் எழும்புவதையும் கதிரையில் இருப்பதையும் நடப்பதையும் குனிவதையும் படுப்பதையும் கணினி பிரித்து அறிய வேண்டும். விழுந்தால் எங்கள் போனுக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. சாதாரண கமராவை வீட்டுக்குள் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆழப்படத்தைத் திரையில் காட்டினேன். முகம் இல்லை, சேலையின் நிறம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் மட்டும். "இது நான் எண்டு ஆருக்கும் தெரியாது. வை" என்றார்.

இந்த வேலை ஒரு சங்கிலி. கமரா ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தைத் தருகிறது. அதிலிருந்து ஆளைப் பிரித்து, தலை, தோள், இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகளின் இடத்தைக் கணிக்கிறோம். மூட்டுகள் நேரத்தோடு எப்படி நகர்கின்றன என்பதைப் பார்த்து, பதிவுகளைக் காட்டிப் பயிற்றிய மொடல் என்ற கணினி நிரல் செயலின் பெயரைச் சொல்கிறது. மூட்டுகள் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய பதில் உண்டு. 1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் ஜொஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்த ஆட்களை இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். பார்த்தவர்கள் அந்தச் சில புள்ளிகளிலிருந்தே அது ஒரு மனிதர் நடப்பது என்று உடனே கண்டுகொண்டார்கள். ஆகவே மூட்டுகள் போதும். ஆனால் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

பெயர் தவறாக வந்தவுடன் மொடலை மாற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். நானும் முதல் நான்கு மாதம் அதைத்தான் செய்தேன். பிழையில் பெரும்பகுதி மொடலில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இரண்டு படங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று வெறும் ஆழப்படம், மற்றது அதன் மேல் மூட்டுகளைக் கோடுகளால் இணைத்து வரைந்த எலும்புச்சட்டம். உங்கள் கண்ணுக்கே எலும்புச்சட்டம் அந்தச் செயலாகத் தெரியவில்லை என்றால் மொடலைத் தொட வேண்டாம். இன்னொன்று: மூட்டுகளை மட்டும் சேமிக்காமல் ஆழப்படத்தையும் சேமியுங்கள். நேற்று வந்த பிழையை இன்று திரும்ப ஓட்டிப் பார்க்க வேறு வழி இல்லை.

காலையில் ஆளே இல்லை என்கிறது, இரவில் ஒழுங்காக வேலை செய்கிறது

வெயில்தான் காரணம். எங்கள் கூடத்தின் யன்னல் கிழக்கே கடலைப் பார்த்தது. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை சூரியன் நேரே தரையில் விழும். ஆழக் கமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. சூரிய ஒளியிலும் அது நிறைய இருக்கிறது. 2010இல் வந்த, மைக்ரோசொஃப்ட்டின் கினெக்ட் என்ற ஆழக் கமராவின் முதல் வகை அகச்சிவப்புப் புள்ளிக் கோலம் ஒன்றை எறிந்து, அது எவ்வளவு விலகி விழுகிறது என்று பார்க்கும். வெயில் பட்ட இடத்தில் அந்தக் கோலம் கரைந்துபோகும். இரண்டாம் தலைமுறைக் கினெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. அது வெயிலை ஓரளவு தாங்கும், முழுதாக அல்ல. ரியல்சென்ஸ் டி435 போன்ற கமராக்கள் இரண்டு அகச்சிவப்புக் கண்களால் பார்ப்பவை. வெளிச்சத்திலும் பரப்பில் கோடோ புள்ளியோ இருந்தால் சமாளிக்கும், ஆனால் வெறும் வெள்ளைச் சுவரில் திணறும்.

கமராவின் முதுகு யன்னல் பக்கம் இருக்கும்படி வைப்பதுதான் முதல் மருந்து. ஆனால் அப்போது வெயில் ஆளின் மேல் விழக்கூடும், ஆகவே தடித்த திரைச்சீலையும் வேண்டும். மெல்லிய வலைத் திரை போட்டால் வெயில் பாதிதான் குறையும். வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும்போது அந்தத் திரையே அறைக்குள் ஊதிப் பறந்து, நடமாடும் ஆளாகப் பதிவாகும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்க "நடக்கிறார்" என்று வந்த பதிவுகளில் பாதி திரைச்சீலையினுடையவை.

வெயில் இல்லாத நேரத்திலும் ஓட்டைகள் விழுந்தால் பரப்பைப் பாருங்கள். கண்ணாடி அலுமாரி, ரீவித் திரை, மினுக்கிய டைல்ஸ் எல்லாம் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். டைல்ஸில் ஆளின் கால் பிரதிபலித்து, தரைக்குக் கீழே இன்னொரு கால் இருப்பதாகவும் தெரியும். பாய் ஒன்றை விரித்தால் போதும். கறுப்புத் தலைமுடி ஒளியை உறிஞ்சும். தூரம் கூடினால் தலை இருக்கும் இடமே ஓட்டையாகிவிடும். உடுப்பைப் பொறுத்தவரை கண்ணை நம்பாதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் துணி அகச்சிவப்பில் வெள்ளையாக இருக்கலாம், அது சாயத்தைப் பொறுத்தது. கமரா தரும் அகச்சிவப்புப் படத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடலோர வீடென்றால் வில்லையையும் மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள். உப்புப் படலம் மெதுவாகத்தான் ஏறும், ஏறுவது தெரியாது.

இடுப்புக்குக் கீழே எலும்புகள் நடுங்குகின்றன

இதில்தான் எங்கள் வீடுகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சாரம், வேட்டி, சேலை. மாமா சாரத்தோடு கதிரையிலிருந்து எழும்புவதை ஒவ்வொரு பிரேமாக, அதாவது காணொளியின் ஒவ்வொரு தனிப்படமாக, தள்ளிப் பார்த்தேன். இடுப்பு சீராக உயர்கிறது. தலை சீராக உயர்கிறது. வலது முழங்கால் மட்டும் ஒரு பிரேமில் சாரத்தின் மடிப்பில் நிற்கிறது, அடுத்ததில் துணியின் கரைக்குப் போகிறது, அதற்கடுத்ததில் இடது முழங்காலோடு ஒட்டிக்கொள்கிறது. அவர் காலை அசைக்கவே இல்லை. துணிதான் அசைந்தது.

ஏன் இப்படி? 2011இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட, முதல் கினெக்ட்டின் அடிப்படையான முறை, ஆழப்படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் உடலின் 31 பகுதிகளில் ஒன்றாக வகைப்படுத்துகிறது. ஒரு புள்ளியின் தூரத்தைச் சுற்றியுள்ள புள்ளிகளின் தூரத்தோடு ஒப்பிட்டு, பல முடிவுமரங்கள் (கிளை பிரியும் கேள்வித் தொடர்கள்) வாக்களித்து, "இது தொடை, இது கணைக்கால்" என்று சொல்கின்றன. ஒவ்வொரு பிரேமும் தனியே கணிக்கப்படுகிறது, முந்திய பிரேமின் நினைவு அதற்குக் கிடையாது. இரண்டு கால்களும் தனித்தனியே தெரிந்தால் அருமையாக வேலை செய்யும். இரண்டையும் ஒரு துணி மூடினால் கூம்பு போல ஒரே பரப்பு. அதில் எது தொடை என்று எந்த மரமும் உறுதியாகச் சொல்ல முடியாது.

திருத்தும் வழிகள் சில. இரண்டாம் தலைமுறைக் கினெக்ட் 25 மூட்டுகளைத் தரும்போது ஒவ்வொன்றோடும் ஒரு நிலையையும் தருகிறது: நேரே கண்டது, ஊகித்தது, காணவில்லை. பலர் அந்த நிலையைச் சேமிப்பதே இல்லை. சேமியுங்கள். ஊகித்த மூட்டுக்கு மொடலில் குறைந்த எடை கொடுங்கள், அல்லது அந்தப் பிரேமில் அதை விட்டுவிடுங்கள். மேலும், இருத்தலையும் எழும்புதலையும் அறிய முழங்கால் கோணமே தேவை என்று நினைக்க வேண்டாம். தரையிலிருந்து இடுப்பின் உயரம், தலையின் உயரம், முதுகு எவ்வளவு சாய்கிறது என்ற மூன்றும் சாரத்தையும் சேலையையும் பொருட்படுத்தாதவை. நாங்கள் கால் மூட்டுகளை முற்றாக நீக்கியபோது இருத்தலும் எழும்புதலும் முன்னைவிட நன்றாக வந்தன. பயிற்சிக்கு எடுக்கும் பதிவிலும் ஆட்கள் வீட்டில் உடுப்பதையே உடுக்கட்டும். பெடியங்களைக் காற்சட்டையோடு கூட்டிவந்து பதிவெடுத்தால் காற்சட்டைக்கான மொடல்தான் கிடைக்கும்.

நடுக்கம் சிறிதாக இருந்தால் வடிகட்டி போதும். ஒற்றைப் பிரேம் துள்ளலுக்கு, பக்கத்துப் பிரேம்களின் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் வடிகட்டி. மெல்லிய அதிர்வுக்கு, அசைவின் வேகத்துக்கேற்ப மாறும் வன் யூரோ வடிகட்டி. மிகையாக வடிகட்டினால் விழுதல் போன்ற வேகமான அசைவு மழுங்கிப்போகும். அதனால் விழுதலுக்கு மட்டும் வடிகட்டாத இடுப்பு உயரத்தைத் தனியே வைத்திருக்கிறேன்.

நிற்பவரை இருப்பதாகச் சொல்கிறது, அதுவும் அறையின் ஒரு பக்கத்தில் மட்டும்

இடத்தைப் பொறுத்துப் பிழை மாறினால் கமராவின் சாய்வைப் பாருங்கள். உயரத்தில் மாட்டிக் கீழே சாய்த்திருப்பீர்கள். கமரா சொல்லும் "மேல்" உங்கள் வீட்டின் மேல் அல்ல, கமராவின் மேல். 15 பாகை சாய்ந்த கமராவிலிருந்து ஒருவர் 2 மீற்றர் விலகிப் போனால், அவருடைய ஒவ்வொரு மூட்டும் கமராக் கணக்கில் சுமார் 52 சென்ரிமீற்றர் மேலே ஏறும். இரண்டு மீற்றரைச் சைன் 15ஆல் பெருக்கிப் பாருங்கள். கதிரையில் இருப்பதற்கும் நிற்பதற்கும் இடுப்பு உயரத்தில் உள்ள வித்தியாசமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

தரையைக் கண்டுபிடித்து, எல்லா மூட்டுகளையும் தரையிலிருந்து அளந்த உயரமாக மாற்ற வேண்டும். கினெக்ட் மென்பொருள் தரைத்தளத்தின் சமன்பாட்டைத் தானே தரும். மற்றக் கமராக்களில் அறை வெறுமையாக இருக்கும்போது ஆழப்படத்திலிருந்து பெரிய தட்டையான பரப்பைப் பொருத்திக்கொள்ளலாம். வீட்டைக் கூட்டும்போது யாராவது கமராவைத் தட்டிவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு நாளும் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

சாய்மனைக் கதிரையில் இருப்பவர் மறைந்துபோகிறார்

சாய்ந்து படுத்தவரின் முதுகும் கதிரையின் துணியும் ஒரே ஆழத்தில் இருக்கும். கமராவுக்கு இரண்டும் ஒரே பொருள். எலும்புச்சட்டம் கதிரையின் கைப்பிடியை முன்னங்கை என்று பிடித்துக்கொள்ளும், கதிரையின் நீட்டிய காலைக் கணைக்கால் என்று வரையும். அம்மம்மா மத்தியானம் அதில் கண்ணயரும்போது "விழுந்தார்" என்று மூன்று நாள் தொடர்ந்து போன் அடித்தது.

இதற்கு வெறும் கதிரையின் ஆழப்படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்து, வரும் படத்திலிருந்து கழித்தேன். கதிரை நகர்ந்தால் கழித்தலும் நகர வேண்டும், ஆகவே அதன் நான்கு கால்களுக்கும் தரையில் அடையாளம் போட்டேன். கமராவைக் கதிரைக்கு நேர் முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் 45 பாகையில் வைத்ததும் உதவியது. அந்தக் கோணத்தில் வயிறும் மடியும் கதிரையிலிருந்து பிரிந்து தெரிகின்றன. இதே காரணத்தால்தான் கொளுக்கியில் தொங்கும் சேட்டும், கொடியில் காயும் சேலையும் சிலவேளை ஆளாக முளைக்கின்றன. தரையைத் தொடாத உருவம் ஆள் அல்ல என்ற ஒரு விதி அவற்றைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.

இடக்கை வலக்கையாக மாறுகிறது

ஆள் திரும்பி நின்றால் நடக்கும். ஆழப்படத்தில் முதுகும் நெஞ்சும் அதிகம் வேறுபடுவதில்லை. கினெக்ட் ஆள் தன்னைப் பார்த்து நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். முதுகைக் காட்டி நடந்து போகும்போது இடம் வலம் மாறிவிடும். நடக்கும் திசையை வைத்துச் சரிசெய்யலாம்: ஆட்கள் பொதுவாக முன்னால்தான் நடப்பார்கள். பக்கவாட்டாக நின்றால் மறைந்த கை ஊகம்தான். அதை நம்பிச் செயலைத் தீர்மானிக்க வேண்டாம்.

பயிற்சித் தரவைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிப் பெருக்குபவர்கள், இடது வலது மூட்டுகளின் வரிசை இலக்கங்களையும் சேர்த்து மாற்றுங்கள். மூட்டின் இடத்தைச் சொல்லும் எண்களின் கூட்டல் கழித்தல் குறியை மட்டும் மாற்றி வரிசை இலக்கங்களை அப்படியே விட்ட தரவில் பயின்ற மொடல் எப்போதும் தடுமாறும்.

எங்கள் வீட்டில் சரி, அடுத்த வீட்டில் பிழை

பரிசோதித்த முறையைப் பாருங்கள். ஒரே ஆளின் பதிவுகளைக் கலக்கிப் பாதியில் பயிற்றி மீதியில் சோதித்தால் எண் அழகாக வரும். ஒரே பதிவின் அடுத்தடுத்த துண்டுகள் இரண்டு பக்கமும் போயிருந்தால் இன்னும் அழகாக வரும். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஆளை வைத்துப் பிரியுங்கள். 2016இல் சிங்கப்பூரில் தொகுத்த என்டியூ ஆர்ஜிபி+டி தரவுத்தொகுப்பில் 60 வகைச் செயல்கள், 56,880 பதிவுகள் உள்ளன. அதன் 40 பேரில் 20 பேரில் பயின்று, மற்ற 20 பேரில் சோதிப்பதே அங்கு முறை. கமராக் கோணத்தை மாற்றிச் சோதிப்பதற்கும் தனி முறை உண்டு. வீட்டில் ஐந்து பேர்தான் கிடைத்தார்கள் என்றால், ஒவ்வொருவரையும் ஒருமுறை வெளியே வைத்து மற்ற நால்வரில் பயிற்றுங்கள்.

இன்னொரு விடயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த 40 பேரின் வயது 10இலிருந்து 35 வரை. அதில் விழுதலும் உண்டு, இருத்தலும் எழும்புதலும் உண்டு. ஆனால் கதிரையின் இரண்டு கைப்பிடியையும் பிடித்து, ஒருமுறை முன்னால் ஆடி, மூச்சு வாங்கி, பிறகு எழும்பும் எண்பது வயது அதில் இல்லை. தரவிறக்கிய மொடல் அம்மம்மாவை அறியாதது அதன் குற்றமல்ல. அவரைப் போன்றவர்களின் பதிவு வேண்டும். மனையாவெளியிலும் சாம்பல்தீவிலும் தெரிந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டு, ஆளுக்கு அரை மணிநேரம் எடுத்தோம். "ஐயா, நீங்கள் வழமையா எழும்புற மாதிரியே எழும்புங்கோ, எங்களுக்காக வேகமா வேண்டாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. கமராவுக்கு முன்னால் எல்லோரும் இளமையாக எழும்பப் பார்க்கிறார்கள்.

ஆளுக்கு ஆள் உயரம் மாறுவதால் மூட்டுகளைச் சமப்படுத்தவும் வேண்டும். இடுப்பை மையமாக்கி, முதுகின் நீளத்தால் வகுத்து, இரண்டு இடுப்பு மூட்டுகளையும் இணைக்கும் கோடு ஒரே திசையில் வரும்படி சுழற்றுவது வழக்கம். ஒரு எச்சரிக்கை: இடுப்பை மையமாக்கிய கணமே அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற தகவல் அழிந்துவிடுகிறது. நிமிர்ந்து நிற்பவரையும் நேராகக் கிடப்பவரையும் பிரிப்பது அதுதான். முழு உடலையும் நிமிர்த்திச் சுழற்றினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆகவே செங்குத்து அச்சைச் சுற்றி மட்டும் சுழற்றுங்கள், இடுப்பின் உயரத்தைத் தனி எண்ணாக மொடலுக்குக் கொடுங்கள்.

மெதுவாகச் செய்தால் அறிவதில்லை. இரவில் எல்லாமே வேகமாகத் தெரிகிறது

இரண்டு கோளாறுகள், ஒரே வேர்: நேரம். மொடல் 60 பிரேம்களை ஒரு துண்டாகப் பார்க்கிறது என்றால், செக்கனுக்கு 30 பிரேம் கணக்கில் அது 2 செக்கன். அம்மம்மா இருப்பதற்கு ஆறு செக்கன் எடுப்பார். எந்தத் துண்டிலும் முழுச் செயல் இல்லை. இரண்டு, நான்கு, எட்டுச் செக்கன் என்று மூன்று அளவுத் துண்டுகளை ஒரே நேரத்தில் பார்க்கவிடுங்கள். செயல்கள் சில மட்டுமே என்றால் டைனமிக் டைம் வார்ப்பிங் இன்னும் நல்ல முறைதான். மெதுவையும் வேகத்தையும் நீட்டிச் சுருக்கி ஒப்பிடும், குறைந்த தரவிலும் ஓடும்.

இரவுக் கோளாறு எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. இரண்டாம் தலைமுறைக் கினெக்ட்டின் நிறக் கமரா வெளிச்சம் குறைந்தால் செக்கனுக்கு 15 பிரேமாக இறங்கும். நிறம், ஆழம், எலும்பு மூன்றையும் ஒன்றாக ஒத்திசைத்து வாங்கினால் எலும்பும் 15ஆகக் குறையும். விளக்கு வைக்கும் நேரம் தாண்டினால் அதே 60 பிரேம் 4 செக்கனாகிவிடும், நடப்பவர் ஓடுவதாகத் தெரிவார். நிறப்படத்தைத் திறக்கவே வேண்டாம். எப்படியும் பிரேம்களை எண்ணாமல், ஒவ்வொரு பிரேமோடும் வரும் நேரமுத்திரையை எடுத்துச் சீரான இடைவெளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மடிக்கணினி சூடாகிப் பிரேம்கள் விடுபட்டாலும் அது காப்பாற்றும்.

பகலிலும் இணைப்பு அடிக்கடி அறுந்தால் அது வேறு கதை: இரண்டாம் தலைமுறைக் கினெக்ட்டுக்கு யூஎஸ்பி 3.0 துளையும் தனி மின்வழங்கியும் வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு ஆழ அளவு நிலைப்பதற்கு இருபது நிமிடமாவது விடுங்கள்.

தண்ணீர் குடிப்பதும் போன் பேசுவதும் ஒன்றாகின்றன

மூட்டுகளில் பொருள் இல்லை. கை முகத்துக்குப் போகிறது என்பதற்கு மேல் எலும்புச்சட்டத்துக்கு எதுவும் தெரியாது. மொடலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத தகவல் வராது. கையைச் சுற்றியுள்ள சிறு சதுர ஆழப்படத்தை வெட்டி மொடலுக்குச் சேர்த்துக் கொடுங்கள், அல்லது இரண்டையும் "கை முகத்தருகே" என்று ஒரே வகையாக்கி விடுங்கள். எங்களுக்கு இரண்டாவது போதுமாக இருந்தது.

விழாதபோது விழுந்ததாக அலாரம்

ஒவ்வொரு பிரேமிலும் பெயர் மாறி மாறி மின்னினால், ஒரு பெயர் குறைந்தது அரைச் செக்கன் நிலைத்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். "இவற்றில் எதுவுமில்லை" என்ற வகையையும் கட்டாயம் பயிற்றுங்கள். அது இல்லாத மொடல், பூனை குறுக்கே போனாலும் தனக்குத் தெரிந்த ஆறு பெயர்களில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகும் அலாரம் அடித்தால் வீட்டின் வழக்கங்களைப் பாருங்கள். கிண்ணியாவில் நண்பரின் வாப்பாவுக்கு இதே அமைப்பைப் பொருத்தினோம். மறுநாளே அவர் கூப்பிட்டார்: "தம்பி, நான் தொழுகைக்கு நிண்டா உங்கட மெஷின் அஞ்சு நேரமும் மகனுக்கு அடிக்குது." சுஜூதில் நெற்றி தரையில் படுகிறது. தலை உயரம் மட்டும் பார்க்கும் விதிக்கு அது விழுதல். எங்கள் வீட்டில் சாமியறையில் விழுந்து கும்பிடுவதும், திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதும், மத்தியானம் வெறுந்தரையில் படுப்பதும் அப்படித்தான்.

பிரிப்பதற்கு மூன்று கேள்விகள் கேட்கிறேன். தலை இறங்கிய வேகம் என்ன? இறங்கிய பின் தலையைவிட இடுப்பு மேலே இருக்கிறதா? எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார்? சுஜூதில் இடுப்பு தலைக்கு மேலே நிற்கும், சில செக்கன்களில் எழும்பிவிடுவார். படுப்பவர் முதலில் இருப்பார், பிறகு சாய்வார், வேகம் குறைவு. விழுபவரின் இடுப்பும் தலையும் சேர்ந்தே இறங்கி, பிறகு அங்கேயே கிடக்கும். கதிரையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து விழுபவரை வேகத்தால் பிடிக்க முடியாது. அதனால் மெதுவாக இறங்கினாலும், பாயோ கட்டிலோ இல்லாத இடத்தில் இரண்டு நிமிடம் கிடந்தால் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பாய் விரிக்கும் இடத்தைத் தரை வரைபடத்தில் ஒரு கட்டமாகக் குறித்து வைத்தாயிற்று.

விழுதலுக்குப் பயிற்சித் தரவு எடுக்க முதியவர்களை விழச் சொல்லக் கூடாது. மெத்தை போட்டு இளையவர்களை விழவைத்தோம். அவர்கள் கையை ஊன்றி விழுகிறார்கள், முதியவர்கள் எல்லோரும் அப்படி ஊன்றுவதில்லை. இந்தக் குறையை மொடல் தீர்க்காது என்பதால், அலாரத்தோடு கடைசி 20 செக்கன் ஆழப்படமும் போனுக்கு வரும்படி செய்தேன். போன மாரியில் ஒருநாள் அடித்தது. திறந்து பார்த்தேன். சாம்பல் உருவம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தது, ஒரு கை மட்டும் கட்டில் காலைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டேன். நான்கு நிமிடத்தில் அதே திரையில் இரண்டாவது உருவம் வந்து குனிந்தது.